பாச்சை உருண்டையும் பாட்டியின் பெட்டியும்

இது சண்டைப் பதிவு. முதல்லயே சொல்லிடறேன். சண்டை எந்த மனுஷரோடயும் இல்லை, ஒரு வெள்ளை உருண்டையோட. பாச்சை உருண்டை, அந்துருண்டை, பூச்சி உருண்டைன்னு நம்ம பக்கம் ஊருக்கு ஒரு பேர். நான் இப்போ குப்பை கொட்டிட்டிருக்கிற திருவனந்தபுரத்துல இதுக்குப் 'பாற்றக் குளிக'ன்னு பேர். குளிகன்னா மாத்திரை! விஷத்துக்கு மாத்திரைன்னு பேர் வெச்சா, அதை வீட்டுக்குள்ள விடாம வேற என்ன பண்ணுவாங்க?

பதிவோட பின்பாதியில வெட்டிவேர் வரும், எம்ப்ராய்டரி வரும், ஒரு சின்ன வாசனைப் பை தைக்கிறதுக்கான அளவெல்லாம் வரும். கைவேலைப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க நேரா அங்கே தாவிடாதீங்க. எதுக்குத் தைக்கணும்கிறதுதான் எனக்கு முக்கியம். எப்படித் தைக்கிறதுங்கிறது அப்புறம்.

கோபத்துக்குக் காரணம் சொல்றேன். கரமனையில எங்க தெருவுல ஒரு மாமி. பொண்ணு நியூஜெர்சியில. முதல் பிரசவம். கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பெட்டி கட்டியாச்சு. எடை சரியா இருக்கான்னு பார்க்க என்னைக் கூப்பிட்டாங்க (பேங்க்காரின்னா கணக்கு தப்பாதுன்னு ஒரு நம்பிக்கை). பெட்டியைத் திறந்தா மூக்கைத் துளைக்கிற நெடி. உள்ளே மாமாவோட பழைய வேட்டிகளைக் கிழிச்சு மடிச்சு வெச்ச துணி, பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ போட்ட சட்டைகள், ஒரு குட்டிப் பட்டுப்பாவாடை. நடுநடுவே வெள்ளை உருண்டை.

"இது எதுக்கு மாமி?"

"பூச்சி அரிக்காம இருக்கத்தான். முப்பது வருஷமா இந்த டிரங்குப் பெட்டியிலதான் கிடந்தது. எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கா பாரு!"

துணியில ஓட்டை இல்லைதான். ஆனா அந்தத் துணியில சுத்தப் போறது பொறந்து மூணு நாள் ஆன குழந்தையை.

மாமி மேல தப்பு இல்லை. நம்ம வீடுகள்ல இதைப் பத்தி யாருமே பேசறதில்லை. குழந்தை எடுத்து வாயில போட்டாத்தான் ஆபத்துன்னு நினைச்சு, எட்டாத உயரத்துல வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கறோம். (மிட்டாய்னு நினைச்சு முழுங்கற குழந்தைகள் உண்டு. அது தனி ஆபத்து.) ஆனா பச்சைக் குழந்தைக்கு அது கையில எட்டவே வேண்டாம். நெடி எட்டினாலே போதும்.

இந்த உருண்டை என்ன பொருள்னு முதல்ல பார்ப்போம். நாஃப்தலீன். நிலக்கரித் தார்லேர்ந்து எடுக்கற சரக்கு. கற்பூரம் மாதிரி, உருகாமலேயே நேரா ஆவியாயிடும். அதனாலதான் உருண்டை மாசா மாசம் இளைச்சுக்கிட்டே போகுது. போனது எங்கே போச்சு? துணிக்குள்ள, அறைக்குள்ள, நம்ம நெஞ்சுக்குள்ள. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2002-ல இதை 'மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்'கிற 2பி பட்டியல்ல சேர்த்துது. ஐரோப்பிய யூனியன்ல 2008-ல இந்த உருண்டைக்குத் தடை வந்தாச்சு. நம்ம ஊர்ல மளிகைக் கடையில சோப்பு, சீப்போட சேர்ந்து தொங்குது. ஓட்டல்ல கை கழுவற தொட்டியில கிடக்கிறதும் இதுதான், அம்மாவோட கூறைப்புடவை மடிப்புல கிடக்கிறதும் இதுதான்.

பெரியவங்க கதையை விடுங்க. பச்சைக் குழந்தைக்கு வர்றேன்.

நம்ம ரத்தத்துல சிவப்பணுக்களைச் சேதாரத்துலேர்ந்து காப்பாத்தற நொதி ஒண்ணு இருக்கு. ஜி6பிடின்னு சுருக்கமாச் சொல்வாங்க. பிறவியிலேயே இது குறைவா இருக்கறவங்க உலகம் முழுக்க சுமார் 40 கோடிப் பேர். மலேரியா அதிகமா இருந்த நாடுகள்ல ஜாஸ்தி. இந்தியாவுலயும் உண்டு. எக்ஸ் குரோமோசோம் வழியா வர்றதால ஆண் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. பெரும்பாலானவங்க குறை இருக்கறதே தெரியாம முழு ஆயுசும் இருந்துட்டுப் போயிடுவாங்க.

இப்படிப்பட்ட குழந்தையோட உடம்புல நாஃப்தலீன் போனா சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். உடைஞ்சா பிலிருபின் ஏறும். அதுதான் மஞ்சள் காமாலை. பெரியவங்க கல்லீரல் ஓரளவு சமாளிக்கும். பொறந்து சில நாள் ஆன குழந்தையோட கல்லீரல் இன்னும் வேலையே பழகலை. பிலிருபின் அளவு மீறினா மூளைக்குள்ள இறங்கும். கெர்னிக்டெரஸ்னு பேர். உயிர் போகலாம். பிழைச்சாலும் காது கேக்காமப் போகலாம், கை கால் சொன்னபடி கேக்காம வாழ்நாள் முழுக்கக் கஷ்டப்படலாம்.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. கிரீஸ் நாட்டுல நாஃப்தலீன் போட்டு வெச்ச துணி, போர்வையால ரத்தம் உடைஞ்ச 21 குழந்தைகளைப் பத்தி 1963-லயே டாக்டர்கள் எழுதியிருக்காங்க. அதுல ரெண்டு விஷயம் என்னை உலுக்கிப் போட்டுது. ஒண்ணு, பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தத் துணி தோல்ல நேரடியாப் படக்கூட இல்லை. பக்கத்துல இருந்த துணியோட நெடியைச் சுவாசிச்சதுதான். ரெண்டு, அந்த 21 பேர்ல கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத்தான் ஜி6பிடி குறைபாடு. மீதிப் பேருக்கு அந்தக் குறையே இல்லை.

இன்னொண்ணு. நாஃப்தலீன் தண்ணியில அவ்வளவாக் கரையாது, எண்ணெயில நல்லாக் கரையும். எண்ணெய் தடவின தோல் வழியா அது சுலபமா உள்ளே போகும்னு டாக்டர்கள் சொல்றாங்க. நாம என்ன பண்றோம்? குழந்தைக்கு உச்சி முதல் பாதம் வரைக்கும் தேங்காயெண்ணெய் தேய்ச்சு (இங்கே நால்பாமராதி எண்ணெய்), குளிப்பாட்டி, டிரங்குப் பெட்டித் துணியில சுத்திப் படுக்க வைக்கிறோம். எண்ணெயும் நல்ல வழக்கம், பழைய பருத்தித் துணியும் நல்ல வழக்கம். நடுவுல இந்த உருண்டை புகுந்து ரெண்டையும் கெடுக்குது.

சிங்கப்பூர்ல இருக்கற நம்ம மக்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். கெர்னிக்டெரஸ்ல குழந்தைகளைப் பறிகொடுத்துட்டிருந்த ஊர் அது. 1965-லேர்ந்து பொறக்கற குழந்தைக்கெல்லாம் ஜி6பிடி பரிசோதனை பண்றாங்க. குறை இருந்தா, வீட்டுல வெச்சுக்கவே கூடாதுன்னு சொல்ற பட்டியல்ல இந்த உருண்டை முதல் வரிசையில இருக்கும். கேரள அரசு ஆஸ்பத்திரிகள்ல பச்சிளங்குழந்தைகளுக்குப் பண்ற பரிசோதனையிலயும் ஜி6பிடி உண்டு. அமெரிக்காவுல எல்லா மாநிலத்துலயும் இது கட்டாயம் இல்லை. நம்ம ஊர்ல பல ஆஸ்பத்திரிகள்ல நாமளாக் கேட்டாத்தான் பண்ணுவாங்க. அதனால உங்க வீட்டுக் குழந்தை எந்தப் பக்கம்னு தெரியாமலேயே பெட்டியைத் திறக்கறீங்க.

சரி, இதையெல்லாம் சொன்னா என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல, தெருவுல, சொந்தக்காரங்ககிட்டே எல்லாம் கேட்டாச்சு. வரிசையாப் பார்ப்போம்.

1. "எங்க பாட்டி காலத்துலேர்ந்து இதுதானே!"

எந்தப் பாட்டி? நாஃப்தலீனைத் தார்லேர்ந்து பிரிச்சதே 1820 வாக்குலதான், அதுவும் சீமையில. அது உருண்டையாகி நம்ம மளிகைக் கடைக்கு வர இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. பாட்டியோட பாட்டிக்கு இப்படி ஒரு பொருள் இருக்கறதே தெரியாது. அவங்ககிட்டே பட்டு இல்லையா? சுவடி இல்லையா? இதே திருவிதாங்கூர்ல, 1909-10 வாக்குல பத்மநாபபுரத்துக்குப் பக்கத்துல மணலிக்கரை மடத்துலேர்ந்து பாசனோட நாடகச் சுவடிகளைக் கண்டெடுத்தார் கணபதி சாஸ்திரி. 1912-லேர்ந்து திருவனந்தபுரத்துல ஒவ்வொண்ணா அச்சுல கொண்டுவந்தார். அவரும் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துத் தருவைக்காரர்தான். தலைமுறை தலைமுறையா இந்த மழையிலயும் ஈரத்துலயும் பனையோலை தாங்கியிருக்கு. அந்தத் தலைமுறைகள்ல நாஃப்தலீன் ஏது? எடுத்துப் பார்த்து, தூசி தட்டி, காய வெச்சு, எண்ணெய் தடவித் திரும்ப வெக்கற மனுஷங்க இருந்தாங்க. நாம அந்த வேலையை நிறுத்திட்டு உருண்டையைப் போட்டோம். இதுக்குப் பாரம்பரியம்னு பேர் வெக்கக் கூடாது.

2. "நாங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கோம்?"

சந்தோஷம். நல்லா இருங்க. ஆனா நல்லா இருக்கறவங்கதானே இங்கே பேசறோம்? பொறந்த ஒரு வாரத்துல 'மஞ்சக்காமாலை கண்டு போயிடுச்சு'ன்னு ஒரே வரியில சொல்லி முடிச்ச குழந்தைகள் நம்ம பழைய குடும்பங்கள்ல எத்தனை? அதெல்லாம் இதனாலதான்னு நான் சொல்லலை. அந்தத் துணிப் பெட்டியை அன்னைக்கு யாரும் மோந்து பார்க்கலைன்னுதான் சொல்றேன்.

3. "மலிவா இருக்கே!"

நான் பி.காம். படிச்சவ. கணக்குல என்கிட்டே விளையாட வேண்டாம் :-) ஒரு பொருளோட விலைங்கிறது பாக்கெட்டுல அச்சடிச்சது மட்டும் இல்லை. நீல வெளிச்சத்துல குழந்தையைக் கண்ணைக் கட்டிப் படுக்க வெச்ச நாளோட ஆஸ்பத்திரி பில்லு, ரத்தம் மாத்த வேண்டி வந்தா அந்தச் செலவு, தாய்ப்பால் கட்டிக்கிட்டு வெளியில நிக்கற அம்மாவோட நிலைமை, இதெல்லாம் யாரோட கணக்குல ஏறுது? உருண்டை விக்கறவர் கணக்குல இல்லை. செலவை அடுத்தவர் தலையில கட்டினா எதையும் மலிவா விக்கலாம்.

4. "அப்போ பூச்சிக்கு என்ன வழி?"

இதுதான் நியாயமான கேள்வி. இதுக்கு மட்டும் விரிவாப் பதில் சொல்லணும்.

அந்துப்பூச்சியோட புழு தின்கிறது கம்பளி, பட்டு, இறகு, தோல் மாதிரிப் பொருட்களை. சுத்தமான பருத்தியை அது சீண்டாது. திரும்பப் படிங்க. மாமாவோட வேட்டித் துணிக்கும் குழந்தையோட பருத்திச் சட்டைக்கும் அந்துப்பூச்சியால ஆபத்தே இல்லை. பருத்தியில வர்றது ராமபாணப் பூச்சி. அது கஞ்சியைத் தேடி வருது. கஞ்சி போடாம, வேர்வை இல்லாம துவைச்சு வெச்சா அதுக்கும் வேலை இல்லை. பட்டுலயும் கறை, வேர்வை, எண்ணெய் பட்ட இடத்துலதான் புழு முதல்ல வாய் வெக்கும்.

அடுத்தது, இந்த உருண்டை பூச்சியைக் கொல்லணும்னா காத்துப் புகாத டப்பாவுக்குள்ள ஆவி அடர்த்தியாத் தங்கணும். நம்ம பீரோ அப்படியா இருக்கு? கதவிடுக்கு வழியா எல்லாம் வெளியே வந்துடும். யோசிச்சுப் பாருங்க, பீரோ இருக்கற அறையில உங்களுக்கு நெடி அடிக்குதுன்னா, பூச்சிக்குப் போக வேண்டிய மருந்து உங்களுக்கு வந்துட்டிருக்குன்னு அர்த்தம். பூச்சி தப்பிச்சுது, நீங்க மாட்டிக்கிட்டீங்க.

திருவனந்தபுரத்துல துணிக்கு முதல் எதிரி பூச்சியே இல்லை, பூசணம். எடவப்பாதி மழை ஜூன்ல ஆரம்பிச்சா, துலாவர்ஷம் நவம்பர்ல முடியற வரைக்கும் சுவரே வேர்க்கும். பீரோவை மூடியே வெச்சிருந்தா பட்டுல வெள்ளைப் புள்ளி விழும். இந்த உருண்டை அந்த ஈரத்தை எடுக்காது. வெயில் அடிக்கற நாள்ல கதவைத் திறந்து வெக்கறது, நிழல்ல பட்டை உதறிக் காய வெக்கறது, மடிப்பை மாத்தி மடிக்கிறது, இதுதான் எடுக்கும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில ரெக்கார்டு ரூம் முழுக்க உருண்டையை வாரி இறைச்சிருப்பாங்க. பத்து நிமிஷம் உள்ளே நின்னா தலைவலி. லெட்ஜர்ல மட்டும் ராமபாணம் ஜம்முனு ஓடிட்டிருக்கும்!

ஆக, உருண்டை தேவையில்லை. சுத்தம், காய்ச்சல், காத்து, அவ்வளவுதான். 

அப்போ வாசனைப் பை எதுக்கு? அதுவும் பூச்சியைக் கொல்லுமா? கொல்லாது. தெளிவாச் சொல்லிடறேன், ஏன்னா 'இயற்கை முறை'ன்னு சொல்லிப் பொய் விக்கற கூட்டம் தனியா இருக்கு. வெட்டிவேர் எண்ணெய் கரையானை விரட்டுதுன்னு 2001-ல அமெரிக்காவுல லூசியானாவில ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, உண்மை. ஆனா அது வேர்லேர்ந்து வடிச்செடுத்த எண்ணெய். உங்க பீரோவுல வெக்கற ஒரு பிடி வேர் அந்த வேலையெல்லாம் பார்க்காது.

பை எதுக்குன்னா, பழக்கத்துக்கு மாற்று வேணும். துணிப் பெட்டியைத் திறந்தா ஒரு வாசனை வரணும்னு நம்ம அம்மாக்களுக்கு இருக்கு. அந்த வாசனை வந்தாத்தான் 'நான் இதைப் பத்திரமா வெச்சிருக்கேன்'னு மனசு ஒத்துக்கும். உருண்டையை எடுன்னு மட்டும் சொன்னா, நம்ம முன்னாடி எடுத்துட்டு, நாம போனதும் திரும்பப் போட்டுடுவாங்க. இடத்தைக் காலியா விடக் கூடாது. உருண்டை இருந்த இடத்துல அதைவிட நல்லதா, தூக்கிப் போட மனசு வராததா ஒண்ணை வெக்கணும். அதனாலதான் எம்ப்ராய்டரி. கையால பூப்போட்டு, பேர் போட்டுக் கொடுத்த பையை எந்த அம்மாவும் தூக்கி எறிய மாட்டாங்க.

எம்ப்ராய்டரின்னா வேலையத்தவங்க பொழுதுபோக்குன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 1956 வரைக்கும் திருவிதாங்கூரோட சேர்ந்திருந்த நாகர்கோவில்ல, 1820-கள்ல மார்த்தா மால்ட்ங்கிற மிஷனரி அம்மா பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்துலேர்ந்து தங்களையே மீட்டுக்கிட்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூர்ல அடிமை முறையை ஒழிச்சதே 1855-லதான். ஊசியும் நூலும் நம்ம தெற்குச் சீமைப் பெண்களுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை.

இப்போ பை.

துணி: துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பழைய கைத்தறி வேட்டி போதும். இங்கேன்னா பலராமபுரம் முண்டு. (அந்த நெசவாளர்களோட முன்னோர் தமிழ்ப் பக்கத்துலேர்ந்து மகாராஜா கூட்டிட்டு வந்த சாலியர்கள். நம்ம சொந்தம்தான்!) பாலியெஸ்டர் வேண்டாம், வேர் மூச்சு விடாது. 12 செ.மீ. அகலம், 34 செ.மீ. நீளத்துல ஒரு துண்டு. உள் பைக்கு மெல்லிய மல் துணி, 11-க்கு 24.

வேர்: வெட்டிவேர் 20-லேர்ந்து 25 கிராம். திருவனந்தபுரத்துல சாலைக் கடைத்தெருவுல பச்சமருந்துக் கடையில 'ராமச்சம்'னு கேளுங்க. தமிழ்நாட்டுல நாட்டு மருந்துக் கடை. கடலூர்ப் பக்கத்து மணல்லயும், இங்கே பொன்னானிப் பக்கத்துக் கடலோர மணல்லயும் விளையுது. மெல்லிசா, செம்பழுப்பா, மண் இல்லாம இருக்கணும். வாங்கினதும் ஒரு முழு நாள் வெயில்ல காய வெச்சு, ஆறினப்புறம் ரெண்டு அங்குலத் துண்டா வெட்டுங்க. ஈரத்தோட அடைச்சா ஒரே வாரத்துல பூசணம். கூட ஏழெட்டுக் கிராம்பு போடலாம்.

கற்பூரம் வேண்டாம். சின்னக் குழந்தை முழுங்கினா வலிப்பு வரும். வசம்பும் வேண்டாம். 'பிள்ளை வளர்ப்பான்'னு பேர் இருந்தாலும், அமெரிக்காவுல 1968-லயே சாப்பாட்டுல சேர்க்கக் கூடாதுன்னு தடை பண்ணின சரக்கு. பாட்டி வைத்தியம்னாலும் கேள்வி கேட்டுத்தான் எடுத்துக்கணும். உருண்டையைக் கேட்ட அதே கேள்வி எல்லாத்துக்கும் பொது.

நூல்: ஆறு இழை எம்ப்ராய்டரி நூல், அதுல ரெண்டு இழை எடுத்துக்குங்க. சாயம் போகுமான்னு பாருங்க. முதல்ல வெந்நீர்ல நனைச்சு வெள்ளைத் துணியில ஒத்திப் பார்க்கணும். சிவப்பும் கருநீலமும்தான் ஏமாத்தும். ஜரிகை நூல் வேண்டாம், பட்டுல உரசும்.

பூவேலை: துணி தட்டையா இருக்கறப்பவே போட்டுடணும், பை தைச்சப்புறம் ஃப்ரேம் மாட்ட முடியாது. பெரிய டிசைன் தேவையில்லை. வெட்டிவேர்ச் செடியையே போடுங்க. நடுவுல ஒரு கோடு, அதுதான் தரை. மேலே பச்சையில நாலஞ்சு நீளப் புல், காம்புத் தையல். கீழே பழுப்பு நூல்ல வளைஞ்சு வளைஞ்சு இறங்கற வேர், சாதாரண ஓட்டுத் தையல். தையல் கோணினா வேரும் கோணும், யாருக்கும் தெரியாது :-) சுத்தி ஒரு வரி சங்கிலித் தையல். புதுசா ஊசி பிடிக்கிறவங்களுக்கும் ரெண்டு மாலைப் பொழுது போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. கீழ் ஓரத்துல வேர் அடைச்ச மாசத்தைச் சின்ன எழுத்துல போடுங்க. அதுல 'தை'ன்னு இருந்தா அடுத்த தையில வேர் மாத்தணும், கூடவே பெட்டியையும் காலி பண்ணிக் காய வெக்கணும். பூச்சியைத் தடுக்கறது அந்த வேலைதான்.

தைக்கிறது: துணியைப் பாதியா மடிச்சு, பூவேலை உள்பக்கம் வர்ற மாதிரி வெச்சு, ரெண்டு ஓரமும் 1 செ.மீ. விட்டுத் தைங்க. மேலே 3 செ.மீ. மட்டும் தைக்காம விட்டு, அதை மடிச்சு நாடா கோக்கற குழாய் மாதிரி அடிங்க. வெளிப்பக்கமாத் திருப்பி, நாடா கோத்தாச்சுன்னா வெளிப் பை தயார். உள் பையில வேரை அடைச்சு வாயைத் தைச்சு, வெளிப் பைக்குள்ள வெச்சு நாடாவைச் சுருக்குங்க. உள் பை எதுக்குன்னா, வெட்டிவேர் முனை ஊசி மாதிரி. நேரா வெச்சா பட்டுல குத்தி இழை இழுத்துடும். எண்ணெய், அத்தர் எதுவும் சொட்ட வேண்டாம், பட்டுல கறை போகாது. பையைப் புடவை மேல வெக்காம தட்டு மூலையில வைங்க.

முக்கியம்: இது பெரியவங்க பட்டுக்கும் வேட்டிக்கும். பச்சைக் குழந்தையோட துணிக்கு எந்த வாசனையும் வேண்டாம், வெட்டிவேரும் சேர்த்துத்தான் சொல்றேன். சோப்புல அலசி வெயில்ல காஞ்ச வாசனை போதும்.

ஏற்கெனவே உருண்டையோட கிடந்த துணி இருக்கா? குழந்தைக்குன்னு எடுக்காம இருக்கறது உத்தமம். இல்லை, தாத்தா வேட்டிதான் வேணும்னா, தண்ணியில ஒரு அலசு அலசினாப் போகாது. பல நாள் வெளிக்காத்துல, வெயில்ல உதறிப் போடணும். அப்புறம் கொதிக்கிற தண்ணியும் சோப்பும் போட்டுத் துவைக்கணும், திரும்பக் காய வெக்கணும். துளி நெடி மூக்குக்குத் தெரிஞ்சாலும் குழந்தை பக்கத்துல வரக் கூடாது. கரமனை மாமி அதைத்தான் பண்ணினாங்க. வேட்டித் துணி எட்டு நாள் மொட்டை மாடிக் கொடியில கிடந்தது. பட்டுப்பாவாடை இங்கேயே தங்கிடுச்சு.

குழந்தை ஏற்கெனவே அந்தத் துணியில இருந்து, உடம்போ கண்ணோ மஞ்சளா இருந்தாலும், பால் குடிக்காமச் சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் கறுப்பாப் போனாலும், வெயில்ல காட்டினாச் சரியாயிடும்னு காத்திருக்காதீங்க. உடனே டாக்டர். 'துணியில பாச்சை உருண்டை போட்டிருந்தோம்'னு நீங்களாச் சொல்லணும். அவங்களா அதைக் கேக்கணும்னு எதிர்பார்க்காதீங்க.

வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டறவங்களுக்கு: வேரை எடுத்துட்டுப் போகாதீங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல செடி, வேர், விதையெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. அமெரிக்காவுலயும் எழுதிக் கொடுக்கணும். பூப்போட்ட பையை மட்டும் வெறுமையா எடுத்துட்டுப் போய், அங்கே கடையில கிராம்போ காஞ்ச லாவெண்டரோ வாங்கி அடைச்சுக்குங்க. எடையும் மிச்சம்.

கடைசியா ஒரு வேலை. இதைப் படிக்கிற உங்க வீட்டுல யாராவது பிரசவத்துக்கு இருந்தா, இன்னைக்கே ஊருக்கு ஒரு போன் போடுங்க. டாக்டர் என்ன சொன்னார், குங்குமப்பூ வாங்கியாச்சா, டிக்கெட் எப்போன்னு கேப்பீங்கல்ல? அதோட சேர்த்து இதையும் கேளுங்க: "அம்மா, பெட்டியில பாச்சை உருண்டை போட்டிருக்கியா?" போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். டாக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்க, ஜி6பிடி பரிசோதனை உண்டான்னு. இந்த ரெண்டு கேள்விக்கும் காசு இல்லை.